பேரொலிகளுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்

உரத்த ஒலிகளைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘பேங்’, ‘பூம்’, ‘கிராக்’, ‘கிராஷ்’, ‘பிளாஸ்ட்’, ‘கிளாப்’, ‘ரம்பிள்’, ‘ரோர்’ என்று பெருங்கூட்டமாகச் சொற்கள் இருக்க, ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பெரும்பாலும் அவற்றுக்கு எதிரே ‘பெருஞ்சத்தம்’, ‘வெடியோசை’, ‘முழக்கம்’ என்னும் மூன்று நான்கு சொற்களையே மாற்றி மாற்றி வைத்துவிடுகின்றன. இதனால், இவற்றில் எதை எங்கே போட்டாலும் பொருந்தும் என்றோ, ஒன்று சற்றுக் கூடுதலான சத்தத்தையும் மற்றொன்று சற்றுக் குறைவான சத்தத்தையும் குறிக்கிறது என்றோ படிப்பவர் எண்ணிக்கொள்வது இயல்பு. இரண்டுமே சரியன்று. ஒலியின் உரப்பை அளக்க டெசிபல் என்னும் அலகு இருக்கிறது. தொலைபேசியோடு இணைத்துப் பேசப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்த அந்த அலகில், ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் ஒலியின் செறிவு 10 மடங்காகிறது. மேற்சொன்ன ஆங்கிலச் சொற்களில் எதுவும் இந்த அளவுகோலில் ஒரு குறிப்பிட்ட படியில் நிற்பதில்லை. அவை சொல்வது வேறு: ஒலி எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பொருள் எதன்மேல் மோதியது, கேட்டவர் அருகில் இருந்தாரா தொலைவில் இருந்தாரா, அந்த ஒலி அவருக்குப் பிடித்ததா எரிச்சலூட்டியதா என்பனவற்றை. ஆகவே, ஒரு பேரொலிக்கு ஆங்கிலத்தில் பெயர் சொல்பவர், அறிந்தோ அறியாமலோ, நடந்த நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சாட்சியமும் சொல்லிவிடுகிறார்.

இவற்றுள் மிகப் பொதுவானதும் மிகக் குறைவாகவே எதையும் உறுதிசெய்வதும் ‘பேங்’ ஆகும். திடீரென்று எழுந்து, எழுந்த வேகத்திலேயே முடிந்துவிடும் கூர்மையான ஒலிக்கு இது பெயர். காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொண்டாலும், டயர் வெடித்தாலும், மேசையில் கைமுட்டியால் குத்தினாலும், துப்பாக்கி சுடப்பட்டாலும் இந்த ஒரே சொல் போதும். சுத்தியலால் அடிப்பதைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல் ஒன்றோடு இதற்கு உறவு இருக்கலாம் என்பது சொற்பிறப்பியலாரின் கருத்து. அடி என்ற அந்தப் பொருளின் சாயல் இன்றும் அதை விட்டு நீங்கவில்லை. ஒலி எதனால் வந்தது என்று தெரியாத நிலையில் இச்சொல் மிகவும் உதவுகிறது. கவனமுள்ள ஆங்கிலச் செய்தியாளர் ஒருவர், அக்கம்பக்கத்தார் ‘உரத்த பேங்’ ஒன்றைக் கேட்டதாகக் கூறினர் என்று எழுதுவாரே தவிர, காவல்துறையோ தீயணைப்புத் துறையோ உறுதிசெய்யும்வரை ‘எக்ஸ்ப்ளோஷன்’ என்று எழுதத் தயங்குவார். முன்னது காது கேட்டதை மட்டும் சொல்கிறது. பின்னது, ஏதோ ஒன்று வெடித்தது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

‘பூம்’ என்பதோ ஆழ்ந்த, தாழ்ந்த சுருதியுடைய, எழுந்த பின்னும் சிறிது நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒலி. பீரங்கி, குகைவாயில் மோதும் கடலலை, பெருமுரசு ஆகியவற்றுக்கு இது உரியது. நாணற்காடுகளில் வாழும் ‘பிட்டர்ன்’ என்னும் குருகினப் பறவையின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் பல கிலோமீட்டர் தூரம் கேட்கும்படி எழுப்பும் குரலையும் ஆங்கிலேயர் இதே சொல்லால்தான் குறிக்கின்றனர். இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘பேங்’ வாயைத் திறந்து சட்டென்று மூக்கொலியில் அடைபடுகிறது. ‘பூம்’ உதடு குவிந்த நெட்டுயிரில் தங்கி மெல்லத் தேய்கிறது. ‘பாம்’ என்று தமிழிலும் பேச்சுவழக்காகிவிட்ட வெடிகுண்டின் ஆங்கிலப் பெயரும், இத்தகைய ஆழ்ந்த ரீங்காரத்தைக் குறித்த ‘பொம்போஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன், இத்தாலிய வழியாக வந்ததுதான்.

இந்த வேறுபாட்டில் தொலைவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒலி காற்றில் நெடுந்தூரம் செல்லும்போது அதன் உயர்ந்த அதிர்வெண்கள் முதலில் தேய்ந்து, தாழ்ந்த அதிர்வெண்களே எஞ்சிச் சென்று சேர்கின்றன. அதனால், அருகில் நிற்பவருக்குச் செவியைக் கிழிக்கும் கூர்மையோடு கேட்கும் அதே வெடிப்பு, தொலைவில் இருப்பவருக்கு மந்தமான ஆழ்ந்த முழக்கமாகக் கேட்கிறது. 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது, ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்ஹாம் காஸில் என்ற கப்பலில் இருந்தவர்களுள் பாதிப்பேருக்கு மேல் செவிப்பறை கிழிந்தது என்று அதன் தலைவர் குறித்துவைத்தார். இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் சுமார் 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிகஸ் தீவுக்கு அந்த ஒலி சென்று சேர ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆனது. அங்கிருந்த காவல்துறைத் தலைவர் அதை எங்கோ தொலைவில் கனரகப் பீரங்கிகள் முழங்குவதாகவே பதிவுசெய்தார். ஒரே நிகழ்ச்சிதான், ஆனால் கப்பலுக்குப் பொருந்தும் சொல் தீவுக்குப் பொருந்தாது. வங்கத்தின் கழிமுகப் பகுதியில் அவ்வப்போது கடற்பக்கமிருந்து கேட்கும் காரணம் விளங்காத முழக்கங்களுக்கு ஆங்கிலேய அதிகாரிகள் ‘பாரிசால் கன்ஸ்’, அதாவது பாரிசால் பீரங்கிகள், என்று பெயர் வைத்ததும் இந்த வழியில்தான்: மூலம் தெரியாத தாழ்ந்த ஒலி ஒன்றைத் தொலைவுப் பீரங்கியாகக் கேட்பது அக்காலத்துக் காதுகளுக்குப் பழகிப்போயிருந்தது.

தொலைவுக்கேற்பப் பெயர் மாறுவதை மிகத் தெளிவாகக் காட்டுவது இடி. மின்னல் பாயும் பாதையிலுள்ள காற்று, நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் 30,000 டிகிரியை நெருங்கும் வெப்பத்தை அடைந்து, வெடித்தாற்போல் விரிகிறது. அந்த விரிவின் அதிர்ச்சியே இடியாகக் கேட்கிறது. மின்னல் அருகில் விழுந்தால், தமிழர் ‘படீர்’ என்றோ ‘சடார்’ என்றோ சொல்லும் அந்தப் பிளக்கும் ஒலிக்கு ஆங்கிலத்தில் ‘கிராக்’ அல்லது ‘கிளாப்’ என்று பெயர். பின்னதற்குக் கைதட்டல் என்பதே இயல்பான பொருள். மின்னலின் பாதையோ ஒரு புள்ளியன்று, பல கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்து நெளிந்த கோடு. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ மூன்று நொடி ஆவதால், அந்தக் கோட்டின் அருகிலுள்ள முனையில் பிறந்த ஒலி முதலிலும், தொலைவிலுள்ள முனையில் பிறந்தது சில நொடிகள் கழித்தும் வந்து சேர, இடி உருண்டுகொண்டே போவதுபோல் கேட்கிறது. அதற்கு ‘ரோல்’ என்று பெயர். அடுத்தடுத்து ஏறியும் இறங்கியும் அலையலையாக வந்தால் அது ‘பீல்’. இன்னும் தள்ளி, கூர்மை முழுவதும் தேய்ந்து, அடிவானத்தில் உறுமலாக மட்டும் எஞ்சினால் அது ‘ரம்பிள்’. எனவே, புயலைக் கண்டு எழுதும் ஆங்கில எழுத்தாளர் முதல் பத்தியில் ‘ரம்பிள்’ என்றும் மூன்றாம் பத்தியில் ‘கிளாப்’ என்றும் எழுதினால், மழை நெருங்கிவிட்டதென்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இவற்றுள் ‘பீல்’ என்ற சொல்லின் வரலாறு தனிச் சுவையுடையது. முறையீடு, அழைப்பு ஆகியவற்றைக் குறிக்கும் ‘அப்பீல்’ என்ற சொல்லின் முதலசை தேய்ந்து பிறந்தது இது. தேவாலயத்துக்கு மக்களை அழைக்கும் மணியோசையே இதன் முதற்பொருள். ஆங்கில நாட்டுத் தேவாலயங்களில் கோபுர மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிக்கும் ஒரு பழைய கலை உண்டு. ஏழு மணிகளை ஒருமுறை அடித்த வரிசையில் மறுமுறை அடிக்காமல் எத்தனை வகையாக அடிக்கலாம் என்று கணக்கிட்டால் 5,040 வரும். அத்தனையையும் விடாமல் அடித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதற்கே ‘முழுப் பீல்’ என்று பெயர். சாவுக்கு ஒற்றை மணியை நிறுத்தி நிறுத்தி அடிப்பதோ ‘டோல்’. அதைப் ‘பீல்’ என்று எழுதினால் இழவு வீட்டில் மேளதாளம் வைத்த கதையாகிவிடும். மணியிலிருந்து இடிக்கும், பிறகு அடக்க முடியாமல் பொங்கிப் பொங்கி வரும் சிரிப்புக்கும் இச்சொல் பரவியது.

‘கிளாப்’ மருத்துவத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. எந்த முன்னறிவிப்பும் இன்றித் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் தாங்க முடியாத உச்சத்தை எட்டிவிடும் தலைவலிக்கு மருத்துவர்கள் ‘தண்டர்கிளாப் ஹெட்ஏக்’ என்று பெயரிட்டுள்ளனர். மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு ஏற்பட்டிருப்பதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும் என்பதால், அதை உடனடி அவசரமாகக் கருதுகின்றனர். வலி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, எவ்வளவு விரைவில் உச்சத்தைத் தொட்டது என்பதே இங்கு நோயறிதலுக்கு முக்கியம். இடியின் பல பெயர்களுள் ‘ரம்பிள்’, ‘ரோல்’ முதலியவற்றை விட்டுக் ‘கிளாப்’பைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவே.

துப்பாக்கியின் ஒலிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. அவை வெறும் அலங்காரமல்ல. துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமாகச் செல்லும்போது, காற்றில் ஓர் அதிர்ச்சி அலையை இழுத்துக்கொண்டு போகிறது. அது கேட்பவரைக் கடக்கும் கணத்தில் சுளீரென்று ஒரு ‘கிராக்’ எழும். சாட்டையைச் சொடுக்கும்போது கேட்பதும் இந்த இனத்தைச் சேர்ந்த ஒலியே. சாட்டையின் நுனி ஒரு கணம் ஒலியின் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. குண்டு கடந்து போன பிறகுதான், அது புறப்பட்ட துப்பாக்கி வாயில் எழுந்த ஒலி, மந்தமான ‘தம்ப்’ ஆக வந்து சேரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை எண்ணிச் சுட்டவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று மதிப்பிடவும், ‘தம்ப்’ வந்த திசையைக் கொண்டு அவர் எங்கே இருக்கிறார் என்று அறியவும் படைவீரர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. முதல் ஒலியின் திசையை நம்பித் திரும்புபவர் தவறான பக்கம் பார்ப்பார். துப்பறியும் கதைகளில் வரும் துப்பாக்கியின் ‘ரிப்போர்ட்’ என்பது இன்னொரு பெயர். திருப்பிக் கொண்டுவருதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த இது, அறிக்கை என்ற பொருளில் மட்டும் ஆங்கிலம் அறிந்தவரைத் திகைக்க வைக்கும். வனத்தில் ஒரு ‘ரிப்போர்ட்’ கேட்டது என்ற வரியை மொழிபெயர்ப்பவர், அங்கே யாரோ எதையோ தாக்கல் செய்ததாக எண்ணிவிடக் கூடாது.

செய்தித்தாள் படிப்பவருக்கு மிகவும் பழக்கமான சொற்கள் ‘பிளாஸ்ட்’டும் ‘எக்ஸ்ப்ளோஷ’னும் ஆகும். இந்திய ஆங்கில நாளேடுகள் தலைப்பில் இடம் மிச்சமாகும் என்பதற்காக எல்லா வெடிப்புகளையும் ‘பிளாஸ்ட்’ என்றே எழுதிப் பழகியதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் ‘பிளாஸ்ட்’ அடிப்படையில் ஒலிச் சொல்லே அன்று. பலத்த காற்றின் வீச்சு என்பதே பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள். உலைக்குள் காற்றை அழுத்திச் செலுத்தி இரும்பை உருக்கும் ஊதுலைக்கு ‘பிளாஸ்ட் ஃபர்னஸ்’ என்று பெயர் வந்ததும், ஊதுகொம்பை ஒருமுறை ஓங்கி ஊதுவதை ‘பிளாஸ்ட்’ என்பதும் அதனாலேயே. வெடிப்பைக் குறிக்கும்போதும் அச்சொல் சுட்டுவது, வெடித்த இடத்திலிருந்து புறப்பட்டு வழியில் உள்ளதையெல்லாம் தள்ளிக்கொண்டும் நொறுக்கிக்கொண்டும் போகும் காற்றழுத்தத்தைத்தான். பொறியாளர்கள் ‘பிளாஸ்ட் வேவ்’ என்று சொல்வது அதைத்தான்.

ஒலியையும் ‘பிளாஸ்ட்’டையும் பிரித்துப் பார்க்க வேண்டியதன் தேவையைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6 காலை நிகழ்ந்த பேரழிவு காட்டுகிறது. வெடிமருந்து ஏற்றிவந்த மோன்-பிளான் என்ற பிரெஞ்சுக் கப்பல், இமோ என்ற நார்வேக் கப்பலோடு மோதித் தீப்பிடித்து, ஏறத்தாழ 20 நிமிடங்கள் எரிந்துகொண்டிருந்தது. கப்பலில் என்ன இருக்கிறதென்று அறியாத நகரமக்கள் வேடிக்கை பார்க்க வீடுகளின் சன்னல் ஓரங்களில் கூடினர். வெடித்தபோது, காற்றழுத்தம் நகரத்துச் சன்னல் கண்ணாடிகளைத் தூள்தூளாக்கி அவர்கள் முகத்தில் வீசியது. ஏறத்தாழ 2,000 பேர் உயிரிழந்த அந்த நாளில், கண்ணில் காயமுற்றுப் பார்வையிழந்தோரும் மிகப் பலர். அவர்களைக் குருடாக்கியது ‘பேங்’ அன்று, ‘பிளாஸ்ட்’.

‘எக்ஸ்ப்ளோஷன்’ என்ற சொல்லின் பிறப்போ வெடிமருந்துக்கு வெகு தொலைவில், பண்டை ரோமானிய நாடக அரங்கில் இருக்கிறது. பிடிக்காத நடிகனைக் கைதட்டியும் கூச்சலிட்டும் மேடையைவிட்டு விரட்டுவதற்கு லத்தீனில் ‘எக்ஸ்ப்ளோதெரே’ என்று பெயர். கைதட்டிப் பாராட்டுவதைக் குறிக்கும் ‘அப்ளாஸ்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான். ஆங்கிலத்திலும் முதலில் இது இகழ்ந்து ஒதுக்குதல் என்ற பொருளிலேயே வழங்கியது. பொய்யென்று நிறுவப்பட்ட கொள்கையை ‘எக்ஸ்ப்ளோடட் தியரி’ என்று அறிஞர் எழுதுவது அந்தப் பழைய பொருளின் எச்சம். பேரொலியோடு வெடித்தல் என்ற பொருள் பின்னரே வந்து, முந்தையதை ஏறக்குறைய மறக்கடித்துவிட்டது. இதன் நெருங்கிய உறவான ‘டெட்டனேஷன்’, இடி என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது என்றாலும், வேதியியலாருக்கு அது ஒலியைப் பற்றியதே அன்று: எரிதல் அலை ஒலியைவிட வேகமாகப் பொருளுக்குள் பரவினால் ‘டெட்டனேஷன்’, மெதுவாகப் பரவினால் ‘டெஃப்ளக்ரேஷன்’. டி.என்.டி. முதல் வகை, பட்டாசில் நிரப்பும் கருமருந்து இரண்டாம் வகை.

‘பேங்’ என்ற எளிய சொல் அறிவியலில் ஏறிய மேடை இவையனைத்தினும் பெரியது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் ஒன்று உண்டு என்னும் கொள்கையை ஏற்காத வானியலாளர் ஃபிரெட் ஹாயில், 1949 மார்ச் 28 அன்று பி.பி.சி. வானொலியில் பேசும்போது, எதிர்த்தரப்பின் கருத்தைக் கேட்போர் மனத்தில் பதியவைக்க ‘பிக் பேங்’ என்று குறிப்பிட்டார். கேலி செய்யவே அவர் அப்படிச் சொன்னார் என்று பலரும் எழுத, அவரோ அதை மறுத்தார். எவ்வாறாயினும் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்நிகழ்ச்சியில் ஒலியைக் கடத்தக் காற்றும் இல்லை, கேட்கக் காதும் இல்லை. ஒரு மையத்தில் ஏதோ வெடித்து வெற்றிடத்துக்குள் சிதறியதும் இல்லை, விண்வெளிதான் விரிந்தது என்பதே கொள்கை. இப்பெயர் பொருந்தவில்லை என்று கருதிய ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ என்ற அமெரிக்க வானியல் இதழ் 1993-இல் புதுப்பெயர் கேட்டுப் போட்டி நடத்தியது. கார்ல் சேகன் உள்ளிட்ட நடுவர்கள் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பார்த்தும் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. தமிழில் நிலைத்துவிட்ட ‘பெருவெடிப்பு’ என்னும் மொழிபெயர்ப்பு இந்தக் குழப்பத்தை இன்னும் ஒரு படி கூட்டுகிறது என்றே சொல்லவேண்டும். ‘பேங்’ வெறும் ஓசைதான். ‘வெடிப்பு’ என்றதும் வெடிக்கும் பொருளும், அது இருந்த இடமும், சிதறிய துண்டுகளும் மனத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

எந்தப் பொருள் எழுப்பிய ஒலி என்பதைச் சொல்வன மற்றொரு குழு. ‘கிராஷ்’ என்றால் பெரும்பாலும் ஏதோ விழுந்தோ மோதியோ நொறுங்கியிருக்கும். 1929-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பங்குச்சந்தைச் சரிவுக்கும், கணினி செயலிழந்து நிற்பதற்கும் இதே சொல் போனது அந்த நொறுங்குதலை முன்னிட்டே. ‘கிளாங்’ என்பது பெரிய உலோகம் அடிபட்டுக் கணீரென்று ஒலித்து நீடிப்பது. ‘கிளாங்க்’ என்பது சங்கிலிபோல் உலோகம் உலோகத்தில் பட்டு, நீடிக்காமல் நின்றுவிடுவது. இரண்டுக்கும் இடையே எழுத்தில் வேறுபாடு இறுதி மெய் ஒன்றுதான். ‘கிளாட்டர்’ என்பது பாத்திரங்கள் உருள்வதும் குதிரைக் குளம்புகள் கற்பாதையில் படுவதும் போன்ற அடுக்கொலி. ‘தட்’ என்பது அரிசி மூட்டையைத் தரையில் போட்டாற்போலப் பொத்தென்று கேட்கும் எதிரொலியற்ற ஒலி. ‘ஸ்லாம்’ இவற்றிலிருந்து விலகி, ஒலியோடு மனிதரின் மனநிலையையும் சேர்த்துச் சொல்கிறது: காற்றில் கதவு ‘பேங்’ செய்யலாம், ‘ஸ்லாம்’ செய்யவும் செய்யலாம், ஆனால் ஒருவர் கதவை ‘ஸ்லாம்’ செய்துவிட்டுப் போனார் என்றால் அவர் கோபமாகப் போனார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆங்கிலேயர் ‘கிராஷ்’, ‘ஸ்மாஷ்’, ‘பேஷ்’, ‘கிளாஷ்’ ஆகிய சொற்களிலெல்லாம் கடுமையான மோதலைக் கேட்பதும், ‘கிளாங்’, ‘கிளாங்க்’, ‘கிளாட்டர்’, ‘கிளிக்’ ஆகியவற்றின் தொடக்கத்தில் கெட்டிப் பொருள்களின் தொடுகையைக் கேட்பதும் தற்செயலன்று. இப்படித் தனக்கென இலக்கணப் பொருள் இல்லாமலே ஒரு சாயலை ஏந்தி நிற்கும் ஒலித்துணுக்குகளுக்கு ‘ஃபோனஸ்தீம்’ என்ற பெயரை 1930-இல் ஜே. ஆர். ஃபிர்த் என்னும் பிரிட்டிஷ் மொழியியலாளர் அளித்தார். அமெரிக்கரான லெனர்ட் புளூம்ஃபீல்டும் 1933-இல் வெளிவந்த தமது நூலில் இவற்றைத் தொகுத்துக் காட்டினார். தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. சலசல, கடகட, மடமட என்று வரும் இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியமே தனியாக எடுத்துப் பேசுகிறது. வேறுபாடு, அந்த நுட்பம் வாக்கியத்தில் எங்கே குடியிருக்கிறது என்பதில்தான்: தமிழில் ‘விழுந்தது’ என்ற வினை அப்படியே இருக்க, ‘தொப்பென்று’, ‘படாரென்று’, ‘தடதடவென்று’ என அதற்கு முன்னால் வரும் அடைமொழி மாறுகிறது, ஆங்கிலத்தில் வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லுமே மாறிவிடுகின்றன. ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குவோர் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடிச் ‘சத்தம்’ என்ற ஒன்றிலேயே போய் விழுவதற்கு இதுவே காரணம். தேட வேண்டிய இடம் அடைமொழியில் இருக்கிறது.

கடைசியாக, ஒலியைவிடக் கேட்பவரின் சலிப்பை மிகுதியாகச் சொல்லும் சொற்கள். ‘சவுண்ட்’ நடுநிலையானது, ‘நாய்ஸ்’ பெரும்பாலும் வேண்டாத ஒலி. குமட்டலைக் குறிக்கும் ‘நாசியா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததாக இதற்குச் சொல்லப்படும் வரலாறு இரைச்சலுக்கு மிகவும் பொருத்தம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளும் ‘நாய்ஸ்’ என்ற சொல்லையே கொண்டு, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. ‘டின்’ என்பது ஓயாமல் காதைத் துளைக்கும் பேரிரைச்சல். ‘ராக்கிட்’ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் ஆர்ப்பாட்டம் போன்ற, புகார் செய்யத் தூண்டும் கூச்சல். ‘ஹப்பப்’ சந்தை இரைச்சல், அதில் வெறுப்பில்லை. ‘கிளாமர்’ என்பது பலர் ஒன்றைக் கேட்டுக் கூக்குரலிடுவது. தமிழ்த் திரையிதழ்கள் கவர்ச்சிக்குப் பயன்படுத்தும் அதே உச்சரிப்புச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘அப்ரோர்’ சிங்க கர்ஜனையான ‘ரோர்’ இலிருந்து வந்ததுபோல் தோன்றினாலும், கலகம், கிளர்ச்சி என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லின் ஆங்கில வடிவம் அது. காதுக்குப் பழகிய ஒலியால் அதன் பொருளே சத்தத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘பெட்லம்’ என்பது 1247-இல் லண்டனில் நிறுவப்பட்டு, பின்னர் மனநோயாளிகளை வைத்திருந்த பெத்லெம் மருத்துவமனையின் மருவிய பெயர் என்பதால், இன்று எழுதுவோர் சற்று யோசித்துப் பயன்படுத்த வேண்டியது.

ஒலிக்குப் பெயர் வைப்பது சொல்லாய்வாளரின் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு வானூர்திகளே சான்று. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம், தன் பாதைக்குக் கீழேயுள்ள நிலம் முழுவதிலும் ‘சோனிக் பூம்’ என்னும் முழக்கத்தை விரித்துக்கொண்டே செல்கிறது. அதை மக்கள் எவ்வளவு பொறுப்பார்கள் என்று அறிய, அமெரிக்க அரசு 1964-இல் ஓக்லஹோமா நகரின்மீது ஏறத்தாழ ஆறு மாதங்களில் 1,253 முறை அந்த முழக்கத்தை எழுப்பிப் பார்த்தது. புகார்களும் சேதக் கோரிக்கைகளும் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1973-இல் அந்நாட்டு நிலப்பரப்பின்மீது பயணிகள் விமானங்கள் ஒலியை மிஞ்சிப் பறக்கத் தடை வந்தது. கான்கார்டு விமானம் கடலின்மேல் மட்டுமே முழு வேகம் காட்ட நேர்ந்தது. இப்போது நாசாவுக்காக லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் கட்டிய எக்ஸ்-59 என்ற சோதனை விமானம், மொத்த நீளமான சுமார் 30 மீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூக்கே எடுத்துக்கொள்ளும் வடிவத்தால், அதிர்ச்சி அலைகள் ஒன்றுசேர்ந்து பெருகாமல் அவற்றைப் பிரித்து விடுகிறது. கான்கார்டின் முழக்கம் உணரப்படும் உரப்பில் ஏறத்தாழ 105 டெசிபல் என்றால், இதற்கு வைத்துள்ள இலக்கு 75. 2025 அக்டோபர் 28 அன்று கலிபோர்னியாவில் முதன்முறை பறந்த அந்த விமானத்தின் ஒலியை, அதன் பொறியாளர்கள் ‘பூம்’ என்று சொல்வதே இல்லை. ‘சோனிக் தம்ப்’ என்கின்றனர், சற்றுத் தள்ளிக் கார் கதவு சாத்தப்படும் அளவுதான் கேட்கும் என்றும் விளக்குகின்றனர். சோதனைகள் முடிந்தபின் அமெரிக்க நகரங்கள் சிலவற்றின்மீது அதைப் பறக்கவிட்டு, கீழே இருப்போர் அந்த ஒலியை எப்படி உணர்ந்தனர் என்று கேட்டறிவதும், அந்தப் பதில்களை விமானப் போக்குவரத்து விதிகளை வகுப்போரிடம் ஒப்படைப்பதும் நாசாவின் திட்டம்.